பலகையைக் கழற்றினாயா, கடையைத் தூக்கினாயா: ஃபைல் காப்பியும் சிம்லிங்க்கும்

திருநெல்வேலி டவுனில் பத்திரிகை, ஃபிளக்ஸ் டிசைன் செய்கிற கடையில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவன் கேட்டது இது: "அண்ணாச்சி, வேலை ஃபோல்டர் மொத்தம் 38 ஜிபிதான். பைத்தானில் ஃபோல்டரை மொத்தமாகக் காப்பி எடுக்கும் காப்பிட்ரீயை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு பேக்கப் எடுத்தேன், 120 ஜிபி ஆகிவிட்டது. அதை அழித்துவிட்டு லினக்ஸ் டெர்மினலில் காப்பிக் கட்டளையான சிபி மைனஸ் ஆர் போட்டேன், சரியாக 38 வந்தது. ஆனால் அந்த டிஸ்க்கை வீட்டு லேப்டாப்பில் செருகினால் ஃபான்ட், லோகோ எதுவும் திறக்கவில்லை, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. இரண்டில் எது தப்பு?"

இரண்டுமே தப்பில்லை தம்பி. உனக்கு என்ன வேண்டும் என்று நீ சொல்லவில்லை, அதனால் ஒவ்வொன்றும் தனக்குப் பழக்கமானதைச் செய்துவிட்டுப் போனது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், டைப் அடிக்கும்போது நீ மாற்றிக்கொள். 'பெரிய எல்' என்றால் கேபிட்டல் எழுத்து.

முதலில் உன் கணக்கைப் பார்த்துவிடுவோம். நீ அனுப்பிய பட்டியலில் 41 வாடிக்கையாளர் ஃபோல்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் 'பொது' என்று ஒரு சிம்லிங்க், அதாவது வேறு இடத்துக்கு வழி காட்டும் ஃபைல், எல்லாமே /ஹோம்/கடை/பொது என்ற ஒரே இடத்தைக் காட்டுகிறது, அங்கே ஃபான்ட்டும் லோகோவுமாக 2 ஜிபி. 41 தடவை 2 என்றால் 82, அதோடு 38 சேர்த்தால் 120. பைத்தான் ஒவ்வொரு லிங்க்குக்குள்ளும் நுழைந்து, அந்த 2 ஜிபியை 41 தடவை புதிது புதிதாக எழுதியிருக்கிறது. சிபி எதற்குள்ளும் நுழையவில்லை, லிங்க்கை லிங்க்காகவே கொண்டுபோனது. ஆனால் 'பொது' ஃபோல்டர் வேலை ஃபோல்டருக்கு வெளியே இருக்கிறது, அதை யாரும் காப்பி எடுக்கவில்லை. வீட்டு லேப்டாப்பில் /ஹோம்/கடை என்று ஒன்று கிடையவே கிடையாது. பிறகு எப்படித் திறக்கும்?

டவுனில் ரத வீதிப் பக்கம் நடந்துபோனால் எப்போதாவது ஒரு ஷட்டர் சாத்தியிருக்கும், அதில் 'கடை எதிர்ச் சந்தில் இயங்குகிறது' என்று ஒரு தகரப் பலகை தொங்கும். சிம்லிங்க் அந்தப் பலகைதான். பலகைக்குள் அல்வா கிடையாது, போகும் வழி மட்டும்தான் எழுதியிருக்கிறது. இப்போது ஒருவர் உன்னிடம் வந்து "அந்தத் தெருவில் இருக்கிறதையெல்லாம் அப்படியே பாளையங்கோட்டையில் இன்னொன்று செய்து வை" என்கிறார். பலகையைப் பார்த்து அதேபோல ஒரு பலகை எழுதி மாட்டுவாயா, அல்லது எதிர்ச் சந்துக்குப் போய்க் கடையையே இன்னொன்று கட்டுவாயா? இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. காப்பி என்ற வார்த்தைக்குள்ளேயே இந்தக் குழப்பம் உட்கார்ந்திருக்கிறது.

சிம்லிங்க் 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் ஹார்ட் லிங்க் மட்டும்தான். அது வழி சொல்லும் பலகை இல்லை, ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இருப்பது போல, இரண்டு பெயரும் அசல்தான். சிம்லிங்க் அப்படியில்லை. அது தனி ஃபைல், அதன் உள்ளடக்கம் வெறும் பாதை எழுத்துகள். எல்எஸ் மைனஸ் எல் போட்டால் வரியின் முதல் எழுத்தாக எல் இருக்கும், அளவு என்று காட்டுவது அந்தப் பாதையின் நீளம், பைட் கணக்கில். உதாரணமாக ../../பொது என்று ஒரு லிங்க் போட்டால் அளவு 18 என்று வரும்: புள்ளியும் கோடுமாக 6 பைட், 'பொது' என்பதில் ப, ொ, த, ு என்று நான்கு குறியீடு, யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 12. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் பாதை 60 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் அதற்குத் தனியாக டிஸ்க் பிளாக்கூட ஒதுக்குவதில்லை, ஃபைலின் விவரத்தை வைத்திருக்கும் ஐநோடுக்குள்ளேயே எழுதி வைத்துவிடும். உன் 41 லிங்க்கும் சேர்ந்து டிஸ்க்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே அடைக்கவில்லை என்பது அதனால்தான்.

இந்த 18-ஐ ஒரு காரணமாகத்தான் சொன்னேன். தமிழில் ஃபோல்டர் பெயர் வைக்கிறவர்களுக்கு வருகிற ஒரு வில்லங்கம் உண்டு. 'ொ' என்பதைச் சில கீபோர்டு ஒரே குறியீடாகப் போடும், சில சமயம் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக விழும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். லினக்ஸுக்கு அது வேறு வேறு பெயர், ஏனென்றால் அது பைட்டைத்தான் ஒப்பிடுகிறது. ஃபோல்டரை ஒரு விதமாக அடித்து லிங்க்கை இன்னொரு விதமாக அடித்திருந்தால் லிங்க் செத்துக் கிடக்கும், நீ கண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாலும் எழுத்துப் பிழை தெரியாது. அப்போது அளவைப் பார், 18 வர வேண்டிய இடத்தில் 21 இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிஸ்டத்தின் உட்கருவான கெர்னலிடம் லிங்க்கின் பாதையைக் கொடுத்து ஓப்பன், ஸ்டாட், சிஎச்மோட் என்று எதைக் கேட்டாலும், அது பலகையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கடைக்குப் போய்விடும். பலகையையே பார்க்க வேண்டும் என்றால் எல்ஸ்டாட், ரீட்லிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். பெயர் மாற்றுவதும் அழிப்பதும் விதிவிலக்கு, அவை பலகையைத்தான் தொடும். காப்பி என்பது அடிப்படையில் ஓப்பன் செய், படி, எழுது, மூடு. ஆக யோசிக்காமல் எழுதிய எந்தக் காப்பி நிரலும் லிங்க்கைத் தாண்டி உள்ளே போகும். லிங்க்கை லிங்க்காகக் கொண்டுபோக வேண்டும் என்றால்தான் ஒருவர் உட்கார்ந்து நாலு வரி கூடுதலாக எழுதியிருக்க வேண்டும். ஒரு மொழியில், ஒரு லைப்ரரியில் லிங்க்கை என்ன செய்வார்கள் என்று தெரியாதபோது நான் முதலில் ஊகிப்பது 'உள்ளே போயிருப்பான்' என்பதுதான், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

லிங்க் மூன்று இடத்தில் குறுக்கே வரலாம். நீ காப்பி எடு என்று கொடுத்த பெயரே லிங்க்காக இருக்கலாம். நீ கொடுத்த ஃபோல்டருக்கு உள்ளே எங்கோ லிங்க் இருக்கலாம். அல்லது எங்கே காப்பி எழுதப் போகிறாயோ அங்கே ஏற்கெனவே ஒரு லிங்க் உட்கார்ந்திருக்கலாம். முதல் இரண்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். ஆளைக் கவிழ்ப்பது மூன்றாவது.

லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ சிபியை எடுத்துக்கொள். ஒற்றை ஃபைலைக் காப்பி எடுத்தால் லிங்க்கைத் தாண்டி உள்ளடக்கத்தை எடுக்கும். மைனஸ் ஆர் போட்டால் எதையும் தாண்டாது, நீ கொடுத்த பெயரே லிங்க்காக இருந்தாலும் அந்த லிங்க்கைத்தான் காப்பி எடுக்கும். முரணாகத் தெரியும், ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்: ஒரு ஃபைலைக் கேட்கிறவனுக்கு உள்ளே இருக்கிறது வேண்டும், ஃபோல்டருக்குள் ஃபோல்டராகக் கிளைக்கும் மரத்தையே கேட்கிறவனுக்கு மரத்தின் வடிவம் வேண்டும். பழக்கத்தை மாற்ற மூன்று எழுத்து இருக்கிறது. பெரிய எல் போட்டால் எல்லா லிங்க்குக்குள்ளும் போகும், பெரிய பி போட்டால் எதற்குள்ளும் போகாது, பெரிய எச் போட்டால் நீ கட்டளையில் நேரடியாகக் கொடுத்த லிங்க்குக்குள் மட்டும் போகும். மைனஸ் ஏ என்பது மரம் முழுவதும், லிங்க்கை லிங்க்காக, உரிமையும் தேதியும் மாறாமல் என்று எல்லாம் சேர்ந்தது. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரமோ, பெரிய ஆர் மட்டும் போட்டு இந்த மூன்றில் எதையும் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நிர்ணயிக்காமலே விட்டிருக்கிறது. அதனால் வேறு சிஸ்டத்திலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் என்றால் எழுத்தைப் போட்டே தீர வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டால் லிங்க்குக்கு உள்ளே போய்விடும் என்பதையும் மறக்காதே. டேப் அழுத்தி பெயரை நிரப்பும்போது ஷெல்லே சில சமயம் அந்தக் கோட்டைப் போட்டுவிடும், நீ கவனித்திருக்கவே மாட்டாய்.

ஃபைலைக் கொண்டுபோகவும் மூட்டை கட்டவும் இருக்கிற மற்றக் கருவிகள் ஆளுக்கொரு வழி. ஆர்சிங்க் வெறும் மைனஸ் ஆர் மட்டும் என்றால் லிங்க்கைத் தொடவே தொடாது, சாதாரண ஃபைல் இல்லை, விட்டுவிட்டேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தாண்டிப் போகும். மைனஸ் ஏ போட்டால் லிங்க்காகக் கொண்டுபோகும். டார் லிங்க்கை லிங்க்காகவே கட்டும், சின்ன எச் சொன்னால்தான் உள்ளே போகும். ஜிப் நேர் எதிர், உள்ளே போகும், சின்ன ஒய் சொன்னால்தான் லிங்க்காக வைக்கும். எஸ்சிபி மைனஸ் ஆர் எல்லா லிங்க்குக்குள்ளும் போகும்.

மொழிகளிலும் இதே கதைதான். பைத்தானின் காப்பிட்ரீ சும்மா விட்டால் உள்ளே போகும், சிம்லிங்க்ஸ் ஈக்வல் ட்ரூ என்றால் லிங்க்காக வைக்கும். ஜாவாவின் ஃபைல்ஸ் காப்பி உள்ளே போகும், ஆனால் அதே ஜாவாவில் மரத்தைச் சுற்றிவரும் வாக் ஃபைல் ட்ரீ உள்ளே போகாது. இரண்டையும் சேர்த்து ஒரு மரக் காப்பி எழுதினால் லிங்க்காக இருந்த ஃபைலெல்லாம் அசல் ஃபைலாக மாறிப்போய் நிற்கும். சி பிளஸ் பிளஸ் 17-இன் ஃபைல்சிஸ்டம் காப்பிக்கும் சொல்லாவிட்டால் உள்ளே போகும் பழக்கம்தான். கோ மொழியில் 1.23-இல் காப்பிஎஃப்எஸ் வந்தபோது லிங்க்கைப் பார்த்தால் பிழை என்று நின்றுவிடும், 1.25-இல்தான் லிங்க்கைக் கையாளக் கற்றுக்கொண்டது. என் மனசுக்கு அந்தப் பழைய நடத்தை பிடிக்கும். புரியாததைச் செய்யாமல் நின்றுவிடுகிற நிரல் நல்ல நிரல்.

நோட் ஜேஎஸ்ஸில் ஒரு தனி வேடிக்கை. அதன் எஃப்எஸ் சிபி லிங்க்கை லிங்க்காகத்தான் வைக்கும், ஆனால் சார்புப் பாதையை, அதாவது லிங்க் இருக்கிற இடத்திலிருந்து கணக்கிடும் பாதையை, முழுப் பாதையாக மாற்றி எழுதிவிடும். நீ ../../பொது என்று அழகாக எழுதியிருந்தாலும் அதை /ஹோம்/கடை/பொது என்று ஆக்கி வைக்கும். வெர்பாட்டிம் சிம்லிங்க்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை ட்ரூ ஆக்கினால்தான் எழுத்து மாறாமல் வரும்.

முழுப் பாதையா சார்புப் பாதையா என்பதில்தான் உன் வீட்டு லேப்டாப் பிரச்சினை மாட்டியிருக்கிறது. 'நெல்லையப்பர் கோயில் கீழ ரத வீதி' என்று பலகையில் எழுதினால், அந்தப் பலகையை எந்த ஊரில் மாட்டினாலும் திருநெல்வேலி டவுனுக்குத்தான் வழி காட்டும். 'எதிர்ச் சந்து' என்று எழுதினால் பலகை எங்கே தொங்குகிறதோ அதற்கு எதிர்ச் சந்து. எது நல்லது என்றால், கடையும் பலகையும் சேர்ந்தே இடம் மாறுமானால் சார்புப் பாதை. கடை நகராது, பலகை மட்டும் நகரும் என்றால் முழுப் பாதை. ஒரு எச்சரிக்கை: லிங்க் போடும் எல்என் மைனஸ் எஸ் கட்டளை நீ கொடுக்கிற எழுத்தைச் சரிபார்க்காது, அப்படியே எழுதி வைக்கும். சார்புப் பாதை என்பது லிங்க் இருக்கிற ஃபோல்டரிலிருந்து கணக்கு, நீ டெர்மினலில் நிற்கிற இடத்திலிருந்து இல்லை. இதில் தடுக்கி விழாதவன் யாரும் இல்லை. கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் மைனஸ் எஸ்ஸோடு சின்ன ஆர் சேர், அதுவே சார்புப் பாதையைக் கணக்கிட்டு எழுதும்.

இப்போது சுழல். உன் கடையில் இன்னும் நடக்கவில்லை என்பது 120 என்ற எண்ணைப் பார்த்தாலே தெரிகிறது, ஆனால் நடப்பதற்கு ஒரே ஒரு எண்டர்தான் பாக்கி. வாடிக்கையாளர் ஃபோல்டரில் நின்றுகொண்டு, 'பொது' லிங்க்கைப் போடும் அதே கட்டளையை மறதியாக இரண்டாவது தடவை ஓட்டினால் என்ன ஆகும்? 'ஏற்கெனவே இருக்கிறது' என்று திட்டும் என்றுதானே நினைப்பாய். திட்டாது. அங்கே 'பொது' என்பது ஃபோல்டரைக் காட்டும் லிங்க், அதனால் எல்என் அதை ஃபோல்டர் என்றே எடுத்துக்கொண்டு, உள்ளே போய், அசல் பொது ஃபோல்டருக்குள் 'பொது' என்று இன்னொரு லிங்க்கைப் போடும். அது காட்டுவது தான் இருக்கிற ஃபோல்டரையே. பொதுவுக்குள் பொது, அதற்குள் பொது.

இதை காப்பிட்ரீ கையில் கொடுத்தால் அது சுழலைக் கண்டுபிடிக்காது. லினக்ஸ் ஒரு பாதையில் 40 லிங்க் வரை தாண்டிப் போகும், அதற்கு மேல் லிங்க் அதிகமாகிவிட்டது என்று பிழை கொடுக்கும். அந்தப் பிழை வருகிற வரை பைத்தான் ஒவ்வொரு படியிலும் 2 ஜிபியை எழுதிக்கொண்டே போகும். ஒரு வாடிக்கையாளருக்கு 80 ஜிபி, 41 பேருக்கு 3280 ஜிபி. டிஸ்க் அதற்கு முன்பே நிறைந்துவிடும் என்று வை. சிபி பெரிய எல்லோடு ஓடினால் சுழலைப் பார்த்துப் பிழை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும், ஜாவாவில் லிங்க்குக்குள் போகச் சொல்லி வாக் ஃபைல் ட்ரீயை ஓட்டினால் அதற்கென்றே ஒரு எக்ஸெப்ஷன் வைத்திருக்கிறார்கள். நீயே எழுதும்போது லிங்க்குக்குள் போவதானால், போகிற வழியில் தாண்டிய ஒவ்வொரு ஃபோல்டரின் டிவைஸ் எண்ணையும் ஐநோடு எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டு, மறுபடி அதே ஜோடி வந்தால் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாவது இடத்துக்கு வருகிறேன். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷத்துக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். பள்ளிக்கூட டைரி, ரேங்க் கார்டு சீசன். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு ஃபோல்டர், அதில் 'தலைப்பு' என்று ஒரு ஃபைல். சொந்த டிசைன் கொடுக்காத பள்ளிகளுக்கெல்லாம் அது ஒரே பொது டெம்ப்ளேட்டைக் காட்டும் லிங்க். ஒரு பள்ளியிலிருந்து புது முத்திரையோடு டிசைன் வந்தது. நான் சிபி போட்டு அதை அந்தப் பள்ளியின் 'தலைப்பு' மேல் எழுதினேன். பழைய ஃபைலின் இடத்தில் புது ஃபைல் வந்து உட்காரும் என்று நினைத்தேன். சிபி அப்படிச் செய்யாது. எழுத வேண்டிய பெயரை ஓப்பன் செய்து, இருந்ததைச் சுழியாக்கி, அதற்குள் புதிதை ஊற்றும். ஓப்பன் என்ன செய்யும்? பலகையைத் தாண்டிக் கடைக்குப் போகும். பொது டெம்ப்ளேட்டின் உள்ளே புதுப் பள்ளியின் முத்திரை போய் உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் புரூஃப் பார்க்கிற பெரியவர் கட்டுக் காகிதத்தை ஒவ்வொன்றாகத் திருப்பினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "என்னடே, பாளையங்கோட்டையில ஒரே ஒரு பள்ளிக்கூடந்தான் இருக்கா?"

பிளேட் போடுவதற்கு முன்னால் பிடித்துவிட்டோம், முந்தைய நாள் பேக்கப்பும் இருந்தது. அந்தக் கட்டளை பிழை எதுவும் காட்டவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. சிபிக்கு மைனஸ் மைனஸ் ரிமூவ் ஹைஃபன் டெஸ்டினேஷன் என்று ஒரு வழி உண்டு, அது முதலில் லிங்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது ஃபைலை வைக்கும். எம்வி என்றால் பெயர் மாற்றம், அதனால் லிங்க்கைத்தான் மாற்றும், அசல் தப்பித்துவிடும். லிங்க் ஒரு ஃபோல்டரைக் காட்டினால் மட்டும் அதற்குள்ளே போய் விழும். ஆர்சிங்க் தற்காலிகப் பெயரில் முழுவதும் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் பெயர் மாற்றுவதால் அதுவும் லிங்க்கைத்தான் மாற்றும். பைத்தானின் காப்பிஃபைல் என் சிபியைப் போலவேதான், உள்ளே போய் எழுதிவிடும். ஒரே வேலை, ஒரே லிங்க், எந்தக் கருவியால் செய்தாய் என்பதைப் பொறுத்து ஒன்றில் அசல் போகும், இன்னொன்றில் லிங்க் போகும். லிங்க் செத்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் மட்டும் க்னூ சிபி எழுத மாட்டேன் என்று மறுத்துவிடும், அந்த அளவுக்காவது அதற்குப் புத்தி இருக்கிறது.

நீயே காப்பி நிரல் எழுதினால் கேட்கிற வரிசை முக்கியம். பைத்தானில் நிறையப் பேர் முதலில் இது ஃபைலா, அப்புறம் இது ஃபோல்டரா, கடைசியில் இது லிங்க்கா என்று கேட்கிறார்கள். இஸ்ஃபைல், இஸ்டிர் இரண்டும் லிங்க்கைத் தாண்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும், ஆகவே லிங்க்கா என்ற கேள்விக்கு உயிருள்ள லிங்க் வந்து சேரவே சேராது. இஸ்லிங்க்கை முதலில் கேள். லிங்க் என்றால் ரீட்லிங்க் செய்து எழுத்தை எடு, அதே எழுத்தோடு புது இடத்தில் சிம்லிங்க் போடு, அடுத்ததற்குப் போ. இதேபோல எக்ஸிஸ்ட்ஸ் என்று கேட்டால் செத்த லிங்க்குக்கு இல்லை என்று பதில் வரும், நம்பிப் போய்ச் சிம்லிங்க் போட்டால் ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை வரும், அதற்கு லெக்ஸிஸ்ட்ஸ். அனுமதிகளையும் நகல் எடுக்கிறேன் என்று லிங்க் மேல் சிஎச்மோட் போடாதே, அது அசலின் அனுமதியை மாற்றிவிடும். லினக்ஸில் லிங்க்கின் சொந்த அனுமதி எப்போதும் 777 என்றுதான் காட்டும், அதற்கு அர்த்தமும் இல்லை.

பேக்கப் ஸ்கிரிப்ட் எல்லா உரிமையும் உள்ள ரூட்டாக ஓடி, காப்பி எடுக்கிற ஃபோல்டரில் மற்றவர்களும் எழுதலாம் என்றால் கதை வேறு. நீ இது சாதாரண ஃபைல் என்று பார்த்த நொடிக்கும் ஓப்பன் செய்கிற நொடிக்கும் நடுவில் ஒருவன் அதை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டு விவரம் இருக்கும் /இடிசி/ஷேடோவைக் காட்டும் லிங்க்கை வைத்துவிட முடியும். ஓப்பனுக்கு ஓ_நோஃபாலோ கொடுத்தால் கடைசிப் பெயர் லிங்க்காக இருந்தால் மறுக்கும், நடுவில் இருக்கிற ஃபோல்டர் லிங்க்காக இருந்தால் அது கண்டுகொள்ளாது. 2020-இல் வந்த லினக்ஸ் 5.6-இல் ஓப்பன்அட்2 என்று ஒரு அழைப்பு சேர்த்தார்கள், அதில் பாதை முழுவதிலும் லிங்க்கே கூடாது என்றோ இந்த ஃபோல்டரை விட்டு வெளியே போகக் கூடாது என்றோ சொல்லலாம். உன் கடைக்கு இது தேவையில்லை. நாளைக்கு சர்வர் வேலைக்குப் போனால் தேவைப்படும்.

பென் டிரைவ் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நீ அதைத்தான் செய்வாய். எஃப்ஏடி32, எக்ஸ்எஃப்ஏடி இரண்டிலும் சிம்லிங்க் என்ற பொருளே கிடையாது. சிபி மைனஸ் ஏ போட்டால் ஒவ்வொரு லிங்க்குக்கும் அனுமதி இல்லை என்று பிழை வரும், நீ ரூட் உரிமைக்காக சூடோ போட்டுப் பார்ப்பாய், அப்போதும் வரும், அது அனுமதிப் பிரச்சினையே இல்லை. டாரில் ஒரே மூட்டையாகக் கட்டி அந்த மூட்டையைப் பென் டிரைவில் போடு, லிங்க் பத்திரமாக இருக்கும். எஃப்ஏடி32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது என்பதால் பெரிய மூட்டை என்றால் எக்ஸ்எஃப்ஏடிதான். விண்டோஸில் விஸ்டாவிலிருந்து சிம்லிங்க் உண்டு, ஆனால் உருவாக்கத் தனி உரிமை வேண்டும், அல்லது விண்டோஸ் 10-இலும் அதற்குப் பிறகும் டெவலப்பர் மோடு போட வேண்டும். அது இல்லாத மெஷினில் நிரல்களின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் ரெபாசிட்டரியை இறக்கினால் லிங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி உள்ள குட்டி டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், அந்த வரி லிங்க்கின் பாதை. கிட் உள்ளே சேமிப்பதும் அந்தப் பாதை எழுத்தைத்தான், 120000 என்ற மோடு போட்டு.

இனி உன் கடைக்கு. முதலில் 41 லிங்க்கையும் சார்புப் பாதையாக மாற்று: ஒவ்வொரு வாடிக்கையாளர் ஃபோல்டருக்குள்ளும் போய் எல்என் மைனஸ் எஸ்எஃப்என், அப்புறம் ../../பொது, அப்புறம் பொது. அந்தக் கடைசி என் எழுத்தை விட்டுவிடாதே. எஃப் மட்டும் போட்டால் பழைய லிங்க்கை மாற்றாமல் அதற்குள் புகுந்து, மேலே சொன்னபடி பொதுவுக்குள் ஒரு குப்பை லிங்க்கைப் போட்டுவிடும். என் போட்டால்தான் லிங்க்கை லிங்க் என்று பார்க்கும்.

அதன் பிறகு வேலை ஃபோல்டரை மட்டும் எடுக்காமல் அதற்கு மேலே உள்ள கடை ஃபோல்டரையே எடு, அப்போதுதான் வேலையும் பொதுவும் சேர்ந்து வரும். ஆர்சிங்க் மைனஸ் ஏ போதும். 38-உம் 2-உம் 40 ஜிபி. வெளியே போகிற லிங்க்கை மட்டும் உள்ளடக்கமாக்கும் காப்பி அன்சேஃப் லிங்க்ஸ் என்று ஆர்சிங்க்கில் ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று கேட்பாய். இப்போது இருக்கிற நிலையில் வேலை ஃபோல்டருக்கு அதைப் போட்டால் பழைய 120 திரும்ப வரும்: முழுப் பாதை லிங்க் எல்லாவற்றையும் அது வெளியே போகிறது என்றே கணக்கில் வைக்கும், மரத்துக்கு உள்ளேயே காட்டினாலும் சரி. லிங்க்கைச் சார்புப் பாதையாக்கிய பிறகு அது தேவைப்படாது.

ஒரு வாடிக்கையாளர் வந்து என் ஃபைலையெல்லாம் கொடு தம்பி, வேறு இடத்தில் அடித்துக்கொள்கிறேன் என்றால் மட்டும் பெரிய எல் போட்டு எடு. அவருக்குப் பலகை எதற்கு, ஃபான்ட்டும் லோகோவும்தான் வேண்டும். கூடுதலாக 2 ஜிபி, ஒரே தடவை. பைத்தான் ஸ்கிரிப்ட்டை விட மனசில்லை என்றால் சிம்லிங்க்ஸ் ஈக்வல் ட்ரூ சேர்த்துக்கொள், ஆனால் அது ஏற்கெனவே இருக்கிற பேக்கப் மேல் மறுபடி எழுத லாயக்கில்லை, ஒவ்வொரு தடவையும் புது ஃபோல்டருக்குத்தான்.

பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கை வீட்டு லேப்டாப்பில் செருகி, அங்கே ஃபைண்ட் புள்ளி மைனஸ் எக்ஸ்டைப் எல் ஓட்டு. செத்த லிங்க் இருந்தால் ஒவ்வொன்றாகக் காட்டும், ஒன்றும் காட்டாமல் பிராம்ப்ட் திரும்பி வந்தால் எல்லாம் உயிரோடு இருக்கிறது. கடை மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதே, அங்கே அசல் பொது ஃபோல்டர் இருப்பதால் தப்பான முழுப் பாதை லிங்க்கூட உயிரோடு இருப்பதுபோலத்தான் தெரியும்.